சுவரில் இருந்த கோவிந்தசாமி

போன மாதம் ஜெலுத்தோங்கில் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னதால் பக்கத்து அடுக்குமாடிகளின் கீழே சும்மா நடந்துகொண்டிருந்தேன். தரைத்தளச் சுவர் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். மீன், படகு, பல்லைக் காட்டிச் சிரிக்கும் சூரியன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, சப்போர்ட் பண்ணுங்க ஆன்ட்டி. ஸ்கேன் பண்ணா போதும்" என்று கறுப்புக் கட்டங்கள் அச்சடித்த தாளை நீட்டினாள். நான் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்து என் முகத்தையே இரண்டு முறை படம் எடுத்தேன். கடைசியில் அவளே வாங்கி முடித்துக்கொடுத்தாள். பத்து வெள்ளி பணம் போனது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் இருந்த காலம் எனக்குத் தெரியும். பால் மாவு டின்னில் காசு விழும் சத்தம். ஆனால் என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது அந்த பெயிண்ட் வாடைதான். சுவருக்கு அடிக்கிற மலிவான தண்ணீர் பெயிண்ட். இருபத்து நான்கு வயதில் அந்த வாடையை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு பஸ் ஏறி, டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனவள் நான்.

ஜார்ஜ் டவுனில் அப்போது ஒரு சிறிய கலை மன்றம் இருந்தது. விருதுக் கோப்பைகளும் ரப்பர் ஸ்டாம்புகளும் விற்கும் கடைக்கு மேலே ஒன்றரை அறை. அரை அறையில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும். மீதி ஒரு அறையில் செவ்வாய்க்கிழமை சிங்க நடனக்காரர்களின் முரசுப் பயிற்சி, வியாழக்கிழமை பரதநாட்டியம், சனிக்கிழமை ஓவிய வகுப்பு. முரசு அடிக்கும்போது கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் கோப்பியில் விழும். கலை மன்றத்தில் வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. மூன்று மொழியில் டைப் அடிப்பேன் என்பதற்காக எடுத்தார்கள். ஒருமுறை பிள்ளைகளுக்கு யானை வரைந்து காட்டினேன். ஒரு சீனச் சிறுமி ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது லோரியா?" என்று கேட்டாள்.

செயலாளர் சுகுமாரன் சார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல மனிதர். எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. மழை பெய்தால்கூட யாராவது எழுதிக் கொடுத்தால்தான் நம்புவார் என்று நாங்கள் சிரிப்போம்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் வயதானவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகளும் சும்மா திரிகிறார்கள். பெரியவர்கள் கதை சொல்லட்டும், பிள்ளைகள் கேட்டுப் படம் வரையட்டும் என்றார். செய்தோம். நரிக்கதையும் ராஜா கதையும் வரும் என்று நான் கலர் பென்சில்களோடு காத்திருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் பழைய துறைமுகத் தொழிலாளிகள். தமிழர்கள், சீனர்கள், இரண்டு மலாய்க்காரர்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள் என்றால் அவர்கள் செத்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். சங்கிலி அறுந்து மூட்டைகள் மேலே விழுந்தவன். கப்பலுக்கும் சரக்குப் படகுக்கும் நடுவில் நசுங்கியவன். பிள்ளைகளும் சளைக்காமல் அதையே வரைந்தார்கள். அந்த மாதம் எங்கள் சுவரில் ஒட்டிய படங்களில் முக்கால்வாசி சிவப்பு.

அந்தப் படங்களில் இருந்துதான் நினைவுச் சுவர் என்ற பேச்சு கிளம்பியது. வேலையில் இறந்த துறைமுகத் தொழிலாளிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி, கடலோரத்தில் ஒரு சுவர். ஒவ்வொருவர் பெயரும் அவரவர் மொழியின் எழுத்தில். நிதிக்கு நாங்கள் போடாத வேஷம் இல்லை. பால் மாவு டின்களில் காகிதம் ஒட்டி, மீன், காய்கறி விற்கும் பாசார் முழுக்கச் சுற்றினோம். மீன்காரர்கள் போட்ட காசு மீன் வாடையோடேயே வரும். பிள்ளைகளின் படங்களை விற்றோம். பாடத் தெரியாதவர்களைப் பாடவைத்து டிக்கெட் விற்றோம்; அதில் நானும் பாடினேன் என்பதை இப்போதும் வெளியே சொல்வதில்லை.

என் அப்பா வாழ்நாள் முழுவதும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தார். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் குத்தகைக்காரர் ஒருவரிடம் கிராணி. எத்தனை தூக்குச் சரக்கு இறங்கியது, எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று எழுதுகிற வேலை. நினைவுச் சுவர் பற்றி வீட்டில் நான் ஆர்வமாகச் சொன்னபோதெல்லாம் அவர், "ம்" என்பார். சில நாள், "இதுக்கெல்லாம் கல்லு எதுக்குலா?" என்பார். கலை என்றால் அவருக்கு அலர்ஜி என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலை அம்மாவை நான் பார்த்தது நிதிக்காக நடத்திய உணவுச் சந்தையில். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமிலிருந்து இரண்டு டின் முறுக்கைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் வேலை. "எங்க வீட்டுக்காரரும் ஆர்பர்லதான் செத்தாரு பாப்பா. அவரு பேரும் வருமில்ல?" என்று கேட்டார். வரும் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் எந்தச் சந்தைக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. டின் காலியானதும் மேசையைத் துடைத்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுத்தான் கடைசி ஆளாகப் போவார்.

பெயர்கள் குவிய ஆரம்பித்ததும் மன்றக் குழுவில் பயம் வந்தது. வீட்டில் காய்ச்சல் வந்து செத்தவர் பெயரையும் யாராவது கொடுத்துவிட்டால்? ஏதாவது ஒரு காகிதம் வேண்டும், இல்லையென்றால் கூட வேலை செய்த இருவரின் கையெழுத்து வேண்டும் என்று முடிவானது. அறிவிப்பை டைப் அடித்தது நான்தான்.

அடுத்த சனிக்கிழமையே அஞ்சலை அம்மா வந்துவிட்டார். கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்காக மடித்த ஒரு கடிதம், மடிப்புகளில் ஒட்டுத்தாள் போட்டிருந்தது. "இது கம்பெனில கொடுத்தது பாப்பா. இங்கிலீஷ். இத்தன வருஷமா வெச்சிருக்கேன். என்னைக்காவது ஒருநாள் யாராவது கேப்பாங்கன்னு தெரியும்."

வாங்கிப் படித்தேன். கோவிந்தசாமி என்ற தொழிலாளி மாலை நான்கு மணிக்கே வேலை முடித்துவிட்டார், அதன் பிறகு அனுமதி இல்லாமல் கப்பலில் ஏறி, தன் கவனக்குறைவால் சரக்குக் குழிக்குள் விழுந்தார், நிறுவனம் பொறுப்பல்ல. அவ்வளவுதான். புருஷன் வேலையில் செத்ததற்குச் சாட்சி என்று அவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்த காகிதம், அந்தப் புருஷன் வேலையில் சாகவில்லை என்று சொன்னது.

அதைவிட மோசமானது கடைசி வரியில் இருந்தது. நேரப் பதிவைச் சரிபார்த்த கிராணியின் கையெழுத்து. பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கையில் கணக்கில் தோற்றபோது நான் அந்தக் கையெழுத்தை ரிப்போர்ட் கார்டில் போலியாகப் போட்டு மாட்டிக்கொண்டவள். அதற்காக ஒரு வாரம் முழுக்கப் பழகியிருந்தேன். அதன் ஒவ்வொரு சுழியும் என் விரலுக்குத் தெரியும். அது என் அப்பாவுடையது.

"சரியா இருக்கா பாப்பா?" என்றார் அஞ்சலை அம்மா.

"இருக்கும்மா. இன்னும் ரெண்டு சாட்சியும் இருந்தா நல்லது" என்று கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

"ஒருத்தர் இருக்காரு. சரக்கு தூக்குற விஞ்ச் ஓட்டுனவரு, காளிமுத்து. எங்க பக்கம்தான் இருக்காரு, கையெழுத்து போட்டுடுவாரு. இன்னொருத்தர்..." என்று யோசித்தார். "ஒரு கிராணி இருந்தாரு. நல்ல மனுஷன். பேரு தெரியாம போச்சு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா சமையலறை மேசையில் நெத்திலிக் கருவாட்டின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பிறகு அம்மா அவருக்குக் கொடுத்திருந்த உத்தியோகம் அது. அம்மா வெளியே துணி எடுக்கப் போனதும் கேட்டேன்.

"அப்பா, கோவிந்தசாமின்னு ஒருத்தர் கப்பல் குழியில விழுந்து செத்தாரே."

"எந்த கோவிந்தசாமி? ஆர்பர்ல நாலஞ்சு கோவிந்தசாமி."

"நீங்க கையெழுத்து போட்ட கோவிந்தசாமி."

விரல்கள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிள்ள ஆரம்பித்தார். தலை வேறு உடம்பு வேறாக இரண்டு தட்டில் பிரித்துப் போட்டுக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"நாலு மணிக்கு விசில் ஊதியாச்சு. இன்னும் எட்டு தூக்கு பாக்கி. இருந்து முடிச்சிட்டு போங்கடான்னு வேலை வாங்குற மண்டோர் சொன்னான். இருந்தாங்க. நானும் இருந்தேன். ஆறாவது தூக்குல கயிறு ஆடுச்சு, அவன தட்டி உள்ள தள்ளிருச்சு. நான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாலு மணியோட எல்லாரும் போயிட்டாங்கன்னு பக்கத்த திருப்பி எழுதச் சொன்னாங்க. எனக்கு அப்ப வேலை பெர்மனென்ட் ஆகல. எழுதுனேன். அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆச்சு."

அந்த வேலையில்தான் நாங்கள் சாப்பிட்டோம். நான் படித்தது, எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த குளிர்பதனப் பெட்டி, நான் மூன்று மொழியில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட வகுப்பு எல்லாமே அதில் வந்தவை. எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. நானும் ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினேன்.

"காளிமுத்து கையெழுத்து போடுறாராம். இன்னொரு ஆள் வேணும். அடுத்த சனிக்கிழமை நீங்க வந்து, அன்னைக்கு அவர் வேலையிலதான் இருந்தாருன்னு போட்டா போதும்பா. வேற எதுவும் சொல்ல வேணாம்."

அப்பா வெளியே துணிக்கொடிப் பக்கம் எட்டிப்பார்த்தார். "உங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். பிறகு, "சனிக்கிழமையா?" என்றார்.

சனிக்கிழமை காலையில் அப்பா முகம் மழித்து, வேலைக்குப் போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பைக்குள் பேனா இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதர் எவ்வளவு பெரிய காரியம் செய்யப்போகிறார் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அறையில் சுகுமாரன் சார் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிரில் அஞ்சலை அம்மா. காளிமுத்துவின் கையெழுத்து முதல் வரியில் ஏற்கெனவே இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அஞ்சலை அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"கிராணி ஐயாதானே? நான் தேடிக்கிட்டிருந்தது உங்களைத்தான்யா."

அப்பா வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, உங்க அப்பாவா? எனக்குத் தெரியாம போச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுகுமாரன் சாரிடம் திரும்பினார். "சார், அன்னைக்கு எங்க வீட்டுக்காரரோட சாப்பாட்டு கேரியரை வீட்டுக்குக் கொண்டாந்து கொடுத்தவரு இவருதான். கழுவி கொண்டாந்தாரு சார். கவலைப்படாதீங்கம்மா, கம்பெனிகிட்ட நான் பேசறேன்னு சொன்னாரு. பேசியும் இருப்பாரு. அவனுங்கதான் கேக்கல."

அப்பாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுகுமாரன் சார் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார். இரண்டாவது வரிக்கு மேலே பேனா முனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுவிட்டார்.

"அது நான் இல்லம்மா" என்றார். "அன்னைக்கு நான் லீவு. நீங்க ஆள் மாத்தி சொல்றீங்க."

சுகுமாரன் சார் என்னைப் பார்த்தார். என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. எட்டு தூக்கு, மண்டோர், ஆறாவது தூக்கில் ஆடிய கயிறு. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் கம்ப்யூட்டர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலை அம்மாதான் முதலில் பேசினார். "அப்படியாய்யா? ரொம்ப வருஷம் ஆச்சுல்ல. நான்தான் ஆள மாத்திட்டேன் போல. மன்னிச்சிக்குங்க. வேலை இருக்கற ஆள அலைய வெச்சிட்டேன்."

கீழே இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அப்பா, "பசிக்குது" என்றார். பக்கத்துக் கடையில் மீ கோரேங் வாங்கிக்கொடுத்தேன். தட்டு காலியாகும் வரை தலை நிமிராமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

ஒரே கையெழுத்தோடு அந்தப் படிவம் நிராகரிக்கப்பட்டவர்களின் கோப்புக்குப் போனது. கோப்பில் வைத்தது நான். அஞ்சலை அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பும் எனக்குத்தான் வந்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தேன். அவரோ முறுக்கு டின்களைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்.

சுவர் திறந்த அன்று நல்ல வெயில். கடலோரத்தில் பந்தல், பேச்சாளர்கள், எங்கள் முரசுக்காரர்கள். பந்தலில் ஜெலுத்தோங் பிள்ளைகளின் படங்களை மாட்டியிருந்தோம். சிவப்புப் படங்களை மட்டும் குழுவினர் எடுத்துவிட்டிருந்தார்கள். அஞ்சலை அம்மா புதுப் புடவையில், கையில் ஒரு முழம் மல்லிகையோடு வந்திருந்தார். அவரைக் கண்டதும் இப்போதாவது சொல்லிவிடலாம் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அவர் சுவரின் தமிழ்ப் பகுதியில், விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"கோ... விந்... த... சாமி." விரல் அங்கேயே நின்றது. "இந்தா இருக்கு பாப்பா. போட்டுட்டாங்க."

அது வேறு கோவிந்தசாமி. சரக்குப் படகு கவிழ்ந்து இறந்தவர். அவருடைய கோப்பை நான்தான் டைப் அடித்தேன். உறவினர் யாரும் இல்லை, கூட வேலை செய்த இருவர் கையெழுத்துப் போட்டு வந்த பெயர். இடத்தைச் சேமிக்கத் தகப்பன் பெயரும் ஆண்டும் வேண்டாம் என்று குழு முடிவு செய்திருந்தது. அதனால் சுவரில் வெறும் கோவிந்தசாமி.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "இவருதானே பாப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.

மல்லிகையைச் சுவருக்குக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புருஷன் இறந்த நாளில் ஃபெரி ஏறி வந்து அங்கே பூ வைத்தார். நான் மன்றத்தை விட்டு வங்கி வேலைக்குப் போன பிறகும், அந்த நாளில் எனக்கு ஃபோன் செய்வார். "போயிட்டு வந்துட்டேன் பாப்பா. அப்பா நல்லா இருக்காரா?" என்பார். நல்லா இருக்கார் என்பேன். அப்பா அந்தச் சுவரை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏற மாட்டார். கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்து, தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அப்பா போய்விட்டார் என்று அஞ்சலை அம்மாவிடம் சொன்னபோது ஃபோனிலேயே அழுதார். நல்ல மனுஷன் என்றார்.

கடலோரத்தை அகலப்படுத்தும் வேலை வந்தபோது சுவரை எடுத்தார்கள். கற்களைப் பத்திரமாக வைத்திருப்பதாக அறிவிப்புப் பலகை ஒன்று கொஞ்ச நாள் நின்றது. பிறகு பலகையும் போனது. கலை மன்றம் அதற்கு முன்பே மூடியிருந்தது. கோப்புகள் எல்லாம் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போனதாக, முதியோர் இல்லத்தில் நான் போய்ப் பார்த்தபோது சுகுமாரன் சார் சொன்னார். எழுத்தில் இருந்தவை எதுவும் மிஞ்சவில்லை. கற்களைத் தேடி ஒரு கிடங்குக்குப் போனேன். லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எங்கே என்று தெரியாது என்றார் காவலாளி.

சுவரை எடுத்த வருஷம் அஞ்சலை அம்மாவின் ஃபோன் வரவில்லை. நான் கூப்பிட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. பாகான் டாலாமுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் இருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு உயரமான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காளிமுத்து இறந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது என்று மூலைக் கடைக்காரர் சொன்னார். அஞ்சலை அம்மா மகளோடு சுங்கைப் பட்டாணிக்குப் போய்விட்டார் என்றார். உள்ளிருந்து எட்டிப்பார்த்த அவர் மனைவி, "இல்லலா, அந்தம்மா போன தீவாளிக்கு முந்தியே தவறிட்டாங்க" என்றார். இருவரும் என் முன்னாலேயே கொஞ்ச நேரம் வாதாடினார்கள். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோவிந்தசாமி என்கிறவர் நான்கு மணிக்குப் பிறகும் வேலையில்தான் இருந்தார். அது தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான்.